தமிழில் தனியார் நூல் சேகரிப்பு மரபு

தமிழ் நூல்களையும் சுவடிகளையும் தனி மனிதர்கள் தம் சொந்த ஆர்வத்தாலும் செலவாலும் தேடிச் சேர்த்துப் பாதுகாத்த வழக்கம் தமிழில் நெடிய வரலாறு உடையது. இன்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தமிழ் நூலகங்கள் பலவற்றின் அடித்தளத்தில் யாரோ ஒருவர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த நூல்கள் இருக்கின்றன. தஞ்சை சரசுவதி மகால் நூலகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம், மறைமலையடிகள் நூலகம், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவை இதற்குச் சான்றுகள்.

இந்த வரலாற்றுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நூல்களைச் சேர்த்த கதை. மற்றொன்று, சேர்த்தவர் மறைந்த பின் அந்நூல்களுக்கு நேர்ந்த கதை. முதற்பகுதி பலரும் அறிந்தது. ஆனால் ஒரு சேகரிப்பு பிற்காலத்துக்குப் பயன்பட்டதா, அழிந்ததா என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் இரண்டாவது பகுதியே.

ஏட்டுச்சுவடிக் காலம்

அச்சு பரவுவதற்கு முன் தமிழ் நூல்கள் பனையோலையில் எழுத்தாணியால் எழுதப்பட்டன. ஓலையைப் பதப்படுத்தி, எழுதிய பின் மஞ்சளும் கரியும் தடவி எழுத்தைத் தெளிவாக்கினர். துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டினர். நன்றாகப் பேணினால் ஓர் ஏடு சில நூற்றாண்டுகள் தாங்கும். வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் தமிழ்நாட்டில் அப்படிப் பேணுவது எளிதன்று. கறையானும் இராமபாணப் பூச்சியும் ஓலையை அரித்தன. ஓரங்கள் ஒடிந்து எழுத்துகள் உதிர்ந்தன.

ஆகவே, ஏட்டுக் காலத்தில் நூலைக் காப்பது என்பதன் பொருள் அதைப் படியெடுப்பதே. பழைய ஏடு சிதைவதற்குள் ஒருவர் அதைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுத வேண்டும். ஒரு நூலைப் பாடம் சொல்பவரும் கேட்பவரும் இருந்தவரை இது தானாக நடந்தது. மாணவன் தனக்கென ஒரு படி எழுதிக்கொள்வான், நூல் பிழைக்கும். படிப்பவர் இல்லாமல் போன நூலுக்குப் புதிய படி கிடைக்காது. இருக்கும் ஏடு மட்கியதும் நூலும் மறைந்துவிடும். சைவ, வைணவ நூல்களும் சிற்றிலக்கியங்களும் பரவலாகக் கிடைத்ததற்கும், சங்க நூல்களும் சமண, பௌத்தக் காப்பியங்களும் அரிதாகிப் போனதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஏடுகள் மூன்று வகை இடங்களில் இருந்தன: மடங்கள், கோயில்கள், புலவர் குடும்பங்கள். திருவாவடுதுறை, தருமபுரம் போன்ற ஆதீனங்கள் பெரிய ஏட்டுத் தொகுதிகளை வைத்திருந்தன. கவிராயர் குடும்பங்களில் ஏடுகள் நிலமும் நகையும் போலப் பரம்பரைச் சொத்தாக இருந்தன. சொத்துப் பிரிவினையில் அவையும் பிரிந்தன. கல்வி தொடர்ந்த வீட்டில் அவை வாசிக்கப்பட்டன. கல்வி நின்ற வீட்டில் அவை பரணுக்கு ஏறின. பயனற்றவை எனக் கருதப்பட்ட பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவதும் வேள்வித் தீயில் இடுவதும் புண்ணியச் செயல்களாகவே செய்யப்பட்டன. ஏட்டின் மேல் வெறுப்புக் கொண்டு எவரும் இதைச் செய்யவில்லை. படிக்கத் தெரியாத கைகளுக்கு ஏடு போய்ச் சேர்ந்ததே அழிவுக்குக் காரணமாயிற்று.

அரசரும் அளவையாளரும்

தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை ஆட்சியில் இருந்தார். நாட்டின் நிர்வாகம் ஆங்கிலேயர் கைக்குச் சென்றுவிட்டதால் அவருடைய கவனம் கல்வியிலும் கலைகளிலும் மருத்துவத்திலும் சென்றது. இளமையில் கிறிஸ்தவப் போதகர் சுவார்ட்ஸின் மேற்பார்வையில் கல்வி கற்றவர். ஐரோப்பிய மொழிகளில் ஆர்வமுள்ளவர். நாயக்க மன்னர் காலம் முதல் அரண்மனையில் இருந்துவந்த சுவடித் தொகுதியை அவர் பெரிதும் விரிவாக்கினார். 1820-ஆம் ஆண்டு தொடங்கிய காசி யாத்திரையின்போதும் வடமொழிச் சுவடிகளைத் திரட்டினார். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் உள்ளிட்ட மொழிகளில் அச்சான ஆயிரக்கணக்கான நூல்களை ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தார். அவற்றில் பலவற்றில் அவரே இட்ட கையொப்பத்தை இன்றும் காணலாம்.

1855-இல் தஞ்சை அரச மரபு ஆண் வாரிசின்றி முடிந்தது. நாட்டை இழந்த ஓர் அரண்மனையின் நூல்கள் ஏலத்தில் சிதறிப்போவது இயல்பு. சரசுவதி மகாலுக்கு அது நேரவில்லை. அங்கிருந்த வடமொழிச் சுவடிகளுக்கு ஏ.சி. பர்னல் தயாரித்த அட்டவணை 1880-இல் வெளிவந்தது. எந்தச் சுவடி எங்கே இருக்கிறது என்பதை உலகம் அறிந்தது. 1918-இல் அந்நூலகம் பொது நூலகமாக்கப்பட்டது. அதன் பின் தஞ்சை வட்டாரத்துக் குடும்பங்கள் சில தம்மிடம் இருந்த சுவடிகளை அங்கே கொடுத்தன. ஒரு நிலையான இடம் அமைந்ததும் சிறு தொகுதிகள் அதை நாடி வந்தன.

காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப் பொறியாளராக இந்தியாவுக்கு வந்து, 1815-இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளரானார். நிலத்தை அளந்து சென்ற ஊர்களில் எல்லாம் கல்வெட்டுப் படிகள், நாணயங்கள், ஓவியங்கள், ஊர் வரலாறுகள், சுவடிகள் ஆகியவற்றைச் சேர்த்தார். கீழை மொழிகளில் அவருக்குப் போதிய பயிற்சி இல்லை. காவலி வேங்கட பொரையா, அவர் தம்பி லட்சுமையா போன்ற உள்நாட்டு அறிஞர்களே ஊர் ஊராகச் சென்று சுவடிகளைப் பெற்றனர். வாய்மொழிச் செய்திகளை எழுதி வாங்கினர். 'மெக்கன்சி சுவடிகள்' என்று அவர் பெயரில் வழங்கும் தொகுதி பலரின் உழைப்பால் உருவானது.

1821-இல் மெக்கன்சி மறைந்தபோது, தன் சேகரிப்புக்கு முழுமையான அட்டவணை தயாரிக்கும் விருப்பம் நிறைவேறாமலே இருந்தது. கம்பெனி அரசு அத்தொகுதியை 10,000 பவுண்டுக்கு அவர் மனைவியிடமிருந்து வாங்கியது. எச்.எச். வில்சன் தயாரித்த அட்டவணை 1828-இல் வெளியாயிற்று. பின்னர் தொகுதி பிரிக்கப்பட்டது. ஒரு பகுதி லண்டனுக்குச் சென்றது. தென்னிந்திய மொழிச் சுவடிகள் சென்னைக்கு வந்தன. அவற்றோடு ஜான் லேடன், சி.பி. பிரௌன் ஆகியோரின் சேகரிப்புகளும் சேர்ந்து அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு அடித்தளமாயின. அரசு நூலகமாக இருந்தாலும் அதன் வேர் மூன்று தனி மனிதர்களின் தேட்டமே.

பதிப்பாசிரியர்களின் தேடல்

தமிழில் அச்சு 16-ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. ஆயினும் இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்தும் நிலை 1835-க்குப் பிறகே வந்தது. அதன் பின் ஏட்டில் இருந்த தமிழ் நூல்கள் வேகமாக அச்சேறின. ஒரு நூலைப் பிழையின்றிப் பதிப்பிக்கப் பல ஏடுகளை ஒப்பிட வேண்டும். இதனால் பதிப்பாசிரியர்கள் சேகரிப்பாளர்களாகவும் ஆனார்கள்.

யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் 1832-இல் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். அரசுப் பணியில் இருந்துகொண்டே ஏடுகளைத் திரட்டி வீரசோழியம், இறையனார் அகப்பொருள், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை, சூளாமணி முதலியவற்றைப் பதிப்பித்தார். கட்டை அவிழ்த்தால் ஓலையின் ஓரம் ஒடிவதையும், ஏட்டைப் புரட்டினால் துண்டு துண்டாவதையும் அவருடைய பதிப்புரைகள் விவரிக்கின்றன. எஞ்சிய ஏடுகளும் சில ஆண்டுகளில் அழிந்துவிடும் என்ற அச்சமே அவரை விரைவாக இயக்கியது.

உ.வே. சாமிநாதையர் (1855–1942) தேடியது இன்னும் விரிவானது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவரான அவர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டில் அவ்வூர் முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டது அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. சிந்தாமணி 1887-இல் வெளிவந்தது. தொடர்ந்து பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898), ஐங்குறுநூறு (1903), பதிற்றுப்பத்து (1904), பரிபாடல் (1918), குறுந்தொகை (1937) ஆகியவற்றைப் பதிப்பித்தார்.

விடுமுறை நாள்களில் அவர் இரயிலிலும் மாட்டு வண்டியிலும் நடந்தும் ஏடு தேடிச் சென்றார். சுவடிகள் எப்படிச் சிதறின என்பதற்கு அவருடைய பயணங்களே சான்று. கரிவலம்வந்தநல்லூரில் பாண்டியர் காலத்து ஏடுகள் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றார். சிதைந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்துவிட்டதாக அங்கே விடை கிடைத்தது. ஆழ்வார்திருநகரியில் ஒரு கவிராயர் வீட்டில் தேடிக் கிடைக்காத பத்துப்பாட்டு ஏடு, அவருடைய உறவினர் வீட்டில் இருந்த கட்டுகளில் கிடைத்தது. கேட்க இன்னும் ஒரு வீடு உண்டு என்று யாரும் நினைவூட்டாமல் இருந்திருந்தால் அந்த ஏடு வெளியே வந்திராது.

வளையாபதியின் கதை இதற்கு மாறானது. இளமையில் திருவாவடுதுறை மடத்தில் அந்நூலின் ஏட்டைத் தாம் கண்டதாகவும், அப்போது பழைய நூல்களின் அருமையை அறியாமையால் அதைக் கருதவில்லை என்றும் சாமிநாதையர் பதிவு செய்துள்ளார். அருமை அறிந்து தேடியபோது அது கிடைக்கவில்லை. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான வளையாபதி இன்று மேற்கோள்களாகக் கிடைத்த சில பாடல்களாக மட்டுமே எஞ்சியுள்ளது. எழுபது பாடல் கொண்டிருந்த பரிபாடலில் 22 முழுப் பாடல்களே கிடைத்தன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை.

சாமிநாதையர் ஏடுகளைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. ஒரு நூலில் வரும் சொற்கள், பெயர்கள், மேற்கோள்கள் ஆகியவற்றுக்குத் தாமே குறிப்பேடுகள் தயாரித்தார். உரையில் ஆசிரியர் பெயரின்றி வரும் ஒரு மேற்கோள் எந்த நூலைச் சேர்ந்தது என்று கண்டறிய அவை உதவின. 1942-இல் போர் அச்சத்தால் சென்னை மக்கள் வெளியூர்களுக்குச் சென்ற காலத்தில் அவரும் திருக்கழுக்குன்றம் சென்று, அங்கேயே காலமானார். அவருடைய மகன் கல்யாணசுந்தரம் ஐயர் சேகரிப்பைப் பொதுப் பயனுக்கு அளித்தார். ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியால் 1943-இல் அடையாற்றில் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம் தொடங்கியது. பின்னர் அது பெசன்ட் நகரில் சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. ஏடு, அச்சுநூல், குறிப்பு, கடிதம் என அனைத்தும் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதால் அவர் பதிப்பித்த நூல்களின் பாடங்களை இன்றும் மூல ஏட்டோடு ஒப்பிட முடிகிறது.

அச்சுக் காலத்து வாசகர்கள்

20-ஆம் நூற்றாண்டில் சேகரிப்பின் தன்மை மாறியது. இப்போது சேர்க்கப்பட்டவை பெரும்பாலும் அச்சு நூல்கள். அச்சானது என்பதால் ஒரு நூல் அழியாது என்ற எண்ணம் பரவியது. ஆனால் தமிழ் நூல்கள் பல சில நூறு படிகளே அச்சிடப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து புழக்கத்துக்கு வந்த மரக்கூழ்த் தாள் அமிலத்தன்மை உடையது. அது காலப்போக்கில் பழுத்து, மடித்த இடத்தில் ஒடியும். பனையோலை தாங்கிய காலத்தில் பாதிகூட மலிவான தாள் தாங்குவதில்லை.

மறைமலையடிகள் (1876–1950) தமிழ், ஆங்கிலம், வடமொழி ஆகிய மூன்றிலும் பரந்த வாசிப்பு உடையவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆசிரியர் பணியை 1911-இல் விட்டபின் பல்லாவரத்தில் வாழ்ந்தார். எழுத்தும் சொற்பொழிவுமே அவருக்கு வாழ்வாதாரம். அந்த வருவாயிலிருந்து ஆயிரக்கணக்கான நூல்களை வாங்கி, மணிமொழி நூல்நிலையம் என்ற பெயரில் வைத்திருந்தார். தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான அவருடைய அலமாரியில் ஆங்கில நூல்கள் மிகுதி. உளவியல், சமயம், மருத்துவம், இலக்கியத் திறனாய்வு என அவருடைய எழுத்தில் காணும் பல துறை அறிவுக்கு அந்த நூல்களே ஊற்று. தமக்குப் பின் அவை பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று விருப்பமுறி எழுதினார். சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை 1958-இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூலகத்தைத் தொடங்கினார். கழகம் சேர்த்த நூல்களும் இணைந்து அது வளர்ந்தது. பிற்காலத்தில் கன்னிமாரா நூலக வளாகத்துக்கு மாற்றப்பட்டது.

தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியரான எஸ். வையாபுரிப்பிள்ளை (1891–1956) அகராதிப் பணிக்காகவும் பதிப்புப் பணிக்காகவும் அரிய அச்சு நூல்களையும் சுவடிகளையும் சேர்த்தவர். அவருடைய தொகுதி கொல்கத்தா தேசிய நூலகத்தைச் சென்றடைந்தது. தமிழ்நாட்டு மாணவருக்கு அது தொலைவு. ஆயினும் தொகுதி சிதறாமல் அவர் பெயரிலேயே அங்கு உள்ளது.

இந்தியாவில் வெளிவரும் ஒவ்வொரு நூலின் படியையும் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற சட்டம் 1954-இல் வந்தது. சென்னைக் கன்னிமாரா பொது நூலகம் அவற்றுள் ஒன்று. அதற்கு முன் அச்சானவற்றுள் பல, தனியார் அலமாரிகளிலும் பழைய புத்தகக் கடைகளிலும்தான் எஞ்சின. 1900-இல் திறக்கப்பட்ட சென்னை மூர் மார்க்கெட் பழைய நூல் தேடுவோரின் முக்கிய இடமாக இருந்தது. ஒருவர் இறந்தபின் எடைக்குப் போடப்பட்ட நூல்கள் அங்கே வந்தன. இன்னொரு வாசகர் அவற்றை வாங்கிக் காத்தார். 1985-இல் நேர்ந்த தீ விபத்தில் அந்தச் சந்தை அழிந்தது.

ரோஜா முத்தையா

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் புலவரோ பேராசிரியரோ அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1950-களையொட்டிச் சேகரிப்பில் இறங்கிய அவர், 1992-இல் மறையும் வரை அதைக் கைவிடவில்லை. அவரிடம் சேர்ந்தவை ஏறத்தாழ ஒரு லட்சம்.

அவருடைய சேகரிப்பின் சிறப்பு எண்ணிக்கையில் மட்டும் இல்லை. 'இது சேர்க்கத் தக்கது, இது தகாதது' என்று அவர் வேறுபாடு பார்க்கவில்லை. இலக்கண நூலும் இலக்கிய நூலும் இருந்த வீட்டில் நாடக நோட்டீசும், சினிமாப் பாட்டுப் புத்தகமும், குஜிலிப் பதிப்புகளும், திருமண அழைப்பிதழும், தீப்பெட்டிப் படமும், இசைத்தட்டும், கடிதமும், நிழற்படமும் இருந்தன. குஜிலிப் பதிப்பு என்பது சந்தைகளிலும் தெருக்களிலும் சில காசுகளுக்கு விற்கப்பட்ட மலிவுப் பாட்டு நூல். ரயில் விபத்து, வெள்ளம், கொலை, சிறைவாசம் என அன்றைய பரபரப்புச் செய்திகள் அதில் பாட்டாயின. எந்தப் பெரிய நூலகமும் அவற்றைத் தேடி வாங்கவில்லை. படித்தவர் தூக்கி எறிந்தனர். இன்று 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சாதாரண மக்களின் ரசனையையும் அரசியலையும் அறிய அவை முதன்மைச் சான்றுகள். நாடகம், திரைப்படம், விளம்பரம், பெண்கள் இதழ்கள், சித்த மருத்துவம் எனப் பல துறை ஆய்வுகள் இத்தகைய சேகரிப்புகள் இல்லாமல் நடந்திருக்க முடியாது.

பணம் படைத்த ஜமீன்தாரின் பொழுதுபோக்காக அல்லாமல், தொழில் செய்து பிழைத்த ஒருவரின் வேட்கையாக இது நடந்தது. கோட்டையூர் வீட்டில் நூல்களைப் பூச்சியிலிருந்து காக்க அவரே வழிகள் கண்டார். ஆய்வாளர்கள் அவ்வூருக்குத் தேடிச் சென்றனர். கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு அவர் தகவல் அனுப்பினார்.

அவர் மறைந்தபோது சேகரிப்பின் எதிர்காலம் கேள்விக்குறியானது. ஒரு லட்சம் பொருள்களைக் காப்பது எந்தக் குடும்பத்துக்கும் இயலாத காரியம். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றாமல் தமிழ்நாட்டிலேயே வைக்க முடிவு செய்தது இந்த வரலாற்றில் முக்கியமான நிகழ்வு. மொழி அறக்கட்டளையின் பொறுப்பில் 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைக்கப்பட்டது. 1996-இல் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது. நூல்கள் பட்டியலிடப்பட்டு நுண்படம் எடுக்கப்பட்டன. முகப்பேரில் தொடங்கிய நூலகம் பின்னர் தரமணிக்கு மாறியது. நிலையான இடம் அமைந்த பின் பிற சேகரிப்பாளர்களின் தொகுதிகளும் அங்கே வந்து சேர்ந்தன. இன்று அதன் இருப்பு முத்தையா விட்டுச்சென்றதைப் போலப் பல மடங்கு. ஐராவதம் மகாதேவன் வழிகாட்டுதலில் சிந்துவெளி ஆய்வு மையமும் அங்கு உருவானது.

யாழ்ப்பாணம்: ஒரே இடத்தில் இருந்த படி

நிறுவனத்தின் கையில் சேர்ந்துவிட்டால் நூல்கள் பிழைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1933-இல் க.மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டில் நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது. அடுத்த ஆண்டில் ஊரார் ஆதரவோடு வாடகை அறையில் பொது நூலகமானது. பின்னர் நகர ஆட்சியின் பொறுப்புக்கு வந்தது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஆலோசனையும் கட்டடக் கலைஞர் வி.எம். நரசிம்மனின் வடிவமைப்பும் பெற்ற புதிய கட்டடம் 1959-இல் திறக்கப்பட்டது. ஆனந்த குமாரசுவாமி போன்ற அறிஞர்களின் நூல்களும் பல குடும்பங்கள் அளித்த ஏடுகளும் அங்கே சேர்ந்தன.

1981 மே 31 நள்ளிரவை ஒட்டி அந்நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் உயிர் துறந்தார். அச்சு நூல்களுள் பலவற்றுக்கு வேறெங்காவது படிகள் இருந்தன. அவற்றை மீண்டும் பெற முடிந்தது. வேறு படி இல்லாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் திரும்பவில்லை. 2000-களின் தொடக்கத்தில் கட்டடம் மீண்டும் எழுந்தது. எரிந்த ஏடுகளைக் கட்டடத்தைப் போல எழுப்ப வழியில்லை.

ஏட்டுக் காலத்து உண்மையை இந்நிகழ்வு மீண்டும் உணர்த்தியது. படியெடுக்கப்பட்ட நூலே பிழைக்கும். அழிவு கறையானால் வந்தாலும் கலவரத்தால் வந்தாலும், ஒரே ஒரு படி மட்டும் இருக்கும் நூல் எப்போதும் ஆபத்தில்தான் இருக்கிறது.

சேகரிப்புகள் பிழைத்த வழிகள்

மேற்கண்ட வரலாற்றை ஒப்பிட்டால், சேகரித்தவருக்குப் பின்னும் நிலைத்த தொகுதிகளிடம் சில பொதுத்தன்மைகள் தெரிகின்றன.

முதலாவது, உரிமை மாற்றம் தெளிவாக நடந்தது. மறைமலையடிகள் விருப்பமுறி எழுதினார். சாமிநாதையரின் மகன் முழுத் தொகுதியையும் ஒப்படைத்தார். மெக்கன்சி, முத்தையா தொகுதிகள் முழுமையாக விலைக்கு வாங்கப்பட்டன. பாகம் பிரித்தால் நூல் மட்டும் பிரிவதில்லை, நூலுக்கும் நூலுக்கும் இருந்த தொடர்பும் அறுபடுகிறது.

இரண்டாவது, பட்டியல். எங்கே எந்த நூல் இருக்கிறது என்பது சேகரிப்பாளரின் நினைவில் மட்டும் இருந்தால், அவரோடு அது போய்விடும். பர்னலின் அட்டவணையும் வில்சனின் அட்டவணையும் ஒரு தொகுதியை அறிவுலகின் பொதுச் சொத்தாக்கின. அட்டவணை இல்லாத தொகுதி, வீட்டாருக்குப் பழைய காகிதக் குவியலாகவே தெரியும்.

மூன்றாவது, வாசகர் வருகை. கோட்டையூருக்கு ஆய்வாளர்கள் வந்து போனதால்தான் அங்கிருந்த பொக்கிஷத்தின் மதிப்பை வெளியுலகம் அறிந்தது. பூட்டி வைத்த சேகரிப்பைக் காப்பாற்ற யாரும் முன்வருவதில்லை. அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. புதுக்கோட்டையில் பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி இணையர் உருவாக்கிய ஞானாலயா ஆய்வு நூலகம் இதை உணர்ந்து, தனியார் சேகரிப்பாக இருந்தும் ஆய்வாளர்களுக்குக் கதவைத் திறந்து வைத்தது.

நான்காவது, படிகள். ஓலையில் படியெடுத்தல், அச்சு, நுண்படம், மின்னாக்கம் என்று முறை மாறினாலும் நோக்கம் ஒன்றே.

மின்னாக்கக் காலம்

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்களின் தட்டச்சு உழைப்பால் இணையத்தில் இலவசமாகத் தந்தது. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்படிகளாக்கிப் பொதுவில் வைத்து வருகிறது. யாழ்ப்பாண நூலகத் தீயின் நினைவு அம்முயற்சியில் பலருக்கு உந்துதல். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பல நூலகங்களில் உள்ள பழைய பதிப்புகளை வீட்டிலிருந்தே படிக்க வழி செய்துள்ளது.

மின்படி வந்ததால் தனியார் சேகரிப்பின் தேவை முடிந்துவிடவில்லை. மின்னாக்கம் செய்ய முதலில் ஒரு தாள் படி எங்காவது இருக்க வேண்டும். 1930-களின் ஒரு சிற்றிதழோ ஓர் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரோ இன்று கிடைக்கிறது என்றால், யாரோ ஒரு வாசகர் அதை எடைக்குப் போடாமல் வைத்திருந்தார் என்பதே காரணம். அந்த வாசகர் வீட்டுப் பரண் இன்று எந்தப் பட்டியலிலும் இல்லை. அங்கிருந்து பட்டியலுக்கு அது வந்து சேருமா என்பது, அடுத்த தலைமுறை அந்த அறையைக் காலி செய்யும் நாளில் யாரிடம் ஒரு சொல் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. ஆழ்வார்திருநகரியில் சாமிநாதையருக்கு இன்னொரு வீட்டைக் காட்டிய ஒரு சொல்லால் பத்துப்பாட்டு ஏடு வெளிச்சத்துக்கு வந்தது. கேட்பார் இல்லாமல் போன ஏடுகள் கரிவலம்வந்தநல்லூரில் ஓமத்தீயில் முடிந்தன.